ஒன்பது செவ்வாயை ஒன்பது நாளாக்கியவன்

இதை எழுதலாமா என்று முதலில் என் மனைவி பிலோமினாவிடம் கேட்டேன். "எழுதுங்கோ. ஆனா நான் அழுததை எழுதாதேங்கோ" என்றாள். அவள் அழுததை விட்டுவிட்டால் என் வருத்தத்தில் பாதி எழுதப்படாமல் போகும். ஆகவே ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவள் சொல்லை மீறுகிறேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. வீடு மன்னார் தீவில், தோட்டவெளியில். பேசாலையில் உள்ள ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக இரவு வேலை. விடியலில் படகுகள் கரைக்கு வரும்போது ஐஸ் கட்டிகள் தயாராக இருக்க வேண்டும். அதனால் ஊர் எழும்பும் நேரத்தில் நான் வீட்டுக்கு வந்து, யன்னலைச் சாத்தி, பின்னேரம்வரை படுப்பேன். நூலகத்தில் எடுத்த புத்தகமும் ஒரு குறிப்புக் கொப்பியும் எப்போதும் தலைமாட்டில் இருக்கும். முதல் மழை எந்தக் கிழமை பெய்தது, சோளகக் காற்று எப்போது திரும்பியது, யார் எந்த நாளில் செத்தார் என்று வருடக்கணக்காக எழுதி வருகிறேன். ஊரில் யாருக்காவது ஒரு நாள் மறந்துபோனால் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

அந்தக் கொப்பியின்படி, தை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை எனக்கு முதன்முதலாகச் சலம், சிறுநீர், போகும்போது எரிந்தது. அன்றைய பக்கத்தில் காற்றைப் பற்றி மூன்று வரியும், கடைசியில் 'எ' என்று ஓர் எழுத்தும் இருக்கின்றன. எரிவு என்பதன் முதல் எழுத்து. நான் மட்டுமே படிக்கும் கொப்பியில்கூட அந்தச் சொல்லை முழுதாக எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் 'எ' தான்.

எரிவு ஒரு பகுதிதான். ஆண்குறிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், உட்காரும்போது கதிரையில் படும் இடத்தில், ஒரு நோவு தொடங்கியது. சூடான கோலிக்குண்டு ஒன்றின் மேல் இருப்பது போல இருக்கும். அரை மணிக்கொருமுறை சலம் வரும். போய் நின்றால் சொட்டுச் சொட்டாக வரும். முடிந்துவிட்டது என்று திரும்பினால் முடிந்திருக்காது. கோவிலில் நான் கடைசி வாங்குக்கு, கதவோர இருக்கைக்கு மாறினேன். பிலோமினா இரண்டு ஞாயிறு பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் ஞாயிறு கேட்டாள்.

"கள்ளடிக்கப் போற ஆக்கள்தான் கதவடி வாங்கில இருக்கிறவை. உங்களுக்கு என்ன வந்தது?"

"காத்துக்காக" என்றேன்.

விபூதிப் புதனன்று சாம்பல் பூசிக்கொண்டு வந்து படுத்தவனுக்குக் குளிர் பிடித்தது. நண்பகல் வெயிலில் இரண்டு போர்வைக்குள் கிடந்து நடுங்கினேன். பின்னேரம் சலம் முற்றாக நின்றுவிட்டது. அடிவயிறு பலகையாகியது. பிலோமினாவின் தம்பி செபமாலை தலைமன்னாரில் படகு வைத்துத் தொழில் செய்பவன். அன்று எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வந்திருந்தான். அவன்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டு மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

சலக்குழாய் போட்டார்கள். குழாய் போகும்போது உயிர் போனது. போன பிறகு திரும்பி வந்தது. பை நிறைய நிறைய, நான் வெட்கத்தை மறந்து அழுதேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் விளங்கப்படுத்தினார். ஆண்களுக்குச் சலப்பையின் அடியில், சலவழியைச் சுற்றி ஒரு மோதிரம் போலப் புரொஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. அது தொற்றினால் அழன்று வீங்கியிருக்கிறது. வீங்கும்போது மோதிரம் இறுகி வழியை அடைக்கிறது. தொற்றை மருந்தால் தீர்க்கலாம். அழற்சி சிலருக்கு அதன் பிறகும் மாதக்கணக்கில் நிற்கும். கிருமி இருக்காது, நோவு இருக்கும்.

நான் அந்தச் சிலரில் ஒருவன். குழாயைக் கழற்றினார்கள், காய்ச்சல் போனது, கிருமி இல்லை என்று அறிக்கை வந்தது. கோலிக்குண்டு அப்படியே இருந்தது.

தவக்காலத்தின் கடைசிக் கிழமையில் இரண்டு இரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள். ஒன்று, புரொஸ்டேட் சுரப்பி மட்டும் உண்டாக்கும் ஒரு புரதத்தின் அளவு. சுரப்பி அழன்றாலும் அது இரத்தத்தில் கூடும். சுரப்பியில் புற்று வந்தாலும் கூடும். எதனால் கூடியது என்று அந்த எண் சொல்லாது. எனக்கு அது கூடியிருந்தது. "வைகாசி முடிவில திரும்பப் பாப்பம். குறையாட்டி ஊசியால சதைத் துணுக்கு எடுத்துப் பாக்கவேணும்" என்றார் நிபுணர். மற்றது விற்றமின் டி. எலும்பெல்லாம் உளைகிறது என்று நான் சொன்னதால் பார்த்தது. அது மிகவும் குறைந்திருந்தது.

வாட்டில் இருந்த இளம் பெண் வைத்தியர் சிரித்துவிட்டார். "மன்னாரில இருந்துகொண்டு வெயில் காணாத மனுசரா நீங்கள்?"

"இரவு வேலை, டொக்டர். பகல்ல நித்திரை."

வாரத்துக்கு ஒரு பெரிய அளவுக் குளிசை மாத்திரை, எட்டு வாரம் என்று எழுதித் தந்தார். அது என் நோவுக்கும் உதவுமா என்று கேட்டேன். நூலகத்தில் கணினி பார்க்கும் இடத்தில் நான் ஏற்கெனவே தேடிப் படித்திருந்தேன். உடம்பின் காவல் அணுக்கள் அழற்சியை மூட்டவும் தணிக்கவும் செய்கின்றன. தணிப்பதற்கு விற்றமின் டி ஒரு கைகொடுக்கலாம். என்னைப் போல நெடுநாள் நோவுள்ள ஆண்கள் சிலரிடம் அது குறைவாக இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் அங்கே இருந்தது. 'கொடுக்கலாம்', 'சிலரிடம்' என்ற சொற்கள் இருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை.

"உதவலாம். உதவாமலும் போகலாம்" என்றார் அவர். "குறைவா இருந்தா நிரப்பிறது நல்லது. அதால உங்கட நோ மாறும் எண்டு நான் சொல்ல மாட்டன். ஒருத்தரும் இன்னும் உறுதியாச் சொல்லேல்லை."

நான் மிச்சத்தையெல்லாம் விட்டுவிட்டு முதல் சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். அது எங்கள் ஊர்க்காரர் மட்டும் விடக்கூடிய பிழை.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு பிலோமினா எனக்காக அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் தொடங்கினாள். ஆனி மாதத்தில் அவருடைய திருநாள் வருகிறது. அதற்கு முன் ஒன்பது செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போய்ச் செபம் சொல்லி முடிப்பது வழக்கம். என் குளிசையும் வாரத்துக்கு ஒன்று. ஆகவே அதைச் செவ்வாய்க்கு வைத்தோம். பூசை முடிந்து வந்து, அவள் தண்ணீர் தர, நான் குளிசை போடுவேன். முதல் செவ்வாய், இரண்டாம் செவ்வாய் இப்படிப் போயின.

இரண்டாம் செவ்வாய்க்கு அடுத்த நாள் சலத்தில் இரத்தம் வந்தது. ஒரு சிறு நூலளவு. அன்று நான் யாருக்கும் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை. வைகாசி முடிவு வரை நான் இருப்பேனா என்பதே என் யோசனையாக இருந்தது. என் சித்தப்பா இதே இடத்தில் வந்த புற்றில், இடுப்பெலும்பு உடைந்து, புரளும்போதெல்லாம் கத்திக் கத்திச் செத்தவர். அந்தக் கத்தல்களின் நாட்கள் என் பழைய கொப்பி ஒன்றில் இருக்கின்றன.

எங்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு உயிர் ஆபத்து, ஒன்பது வாரம் காத்திருக்க நேரமில்லை என்றால், ஒன்பது செவ்வாயை அடுத்தடுத்த ஒன்பது நாளாகச் சொல்லி முடிப்பார்கள். அவசர நவநாள். வாரம் நாளாகிவிடும், அந்தோனியார் அவசரம் அறிந்து கேட்பார். எங்கள் வீட்டில் பிரசவத்துக்கும், புயலில் போன படகுக்கும் அப்படிச் செய்திருக்கிறோம்.

அதையே நான் குளிசைக்கும் செய்தேன். வியாழன் தொடங்கி அடுத்த வெள்ளி வரை, ஒன்பது நாளில் ஒன்பது குளிசை. வேலையால் வந்ததும் தனியாகச் செபம் சொல்லிவிட்டுப் போட்டேன். ஏழாம் நாள் நோவு குறைந்தது. ஒன்பதாம் நாள் நான் முழுப் பூசையும் இருந்து பார்த்தேன். அழற்சி நோவு தானாகவே ஏறும், இறங்கும் என்று நிபுணர் சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. இன்னொரு ஒன்பது நாள் தொடங்கினேன். அது முடிய மூன்றாவது ஒன்பது. வைத்தியர் எழுதிய துண்டைக் காட்டி ஒரு கடையில், துண்டைக் காட்டாமல் இன்னும் இரண்டு கடைகளில் வாங்கினேன். செவ்வாய்க்கிழமைகளில் பிலோமினாவின் முன்னால் போடுவதும் அதே கணக்கில்தான். அவள் வாரத்துக்கு ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதோடு செபமாலை தலைமன்னாரிலிருந்து ஒரு போத்தலில் சுறா ஈரல் எண்ணெய் கொண்டுவந்தான்.

"அத்தான், விற்றமின் எண்டு கடையில விக்கிறவங்கள் இதைத்தான் காய்ச்சி உருண்டையாக்கிறாங்கள். இது அசல். காலமை ஒரு கரண்டி. மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குங்கோ."

"டொக்டர் ஒண்டும் சொல்லேல்லையே."

"டொக்டர் சுறாவைக் கண்டிருப்பாரோ?"

அவன் அன்புக்காகவும் என் பயத்துக்காகவும் நாளுக்கொரு கரண்டி விழுங்கினேன்.

மூன்றாவது ஒன்பது முடிந்த சில நாட்களில் தாகம் பிடித்தது. குடத்துத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தேன். குடிக்கக் குடிக்க வாய் மணலாக இருந்தது. பிறகு ஓங்காளம், மலச்சிக்கல், சோறு கண்டால் வெறுப்பு. நான்காம் நாள் ஐஸ் தொழிற்சாலையில் ஒருவர் நாற்பது கட்டி கேட்க, நான் அவரிடம் அவருடைய தாயார் செத்த நாளைச் சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை. என் வாழ்க்கையில் கொப்பியில் ஒன்றும் எழுதாத மூன்று நாட்கள் அவை.

வைகாசி கடைசி ஞாயிறு, பிலோமினாவும் செபமாலையும் என்னை மறுபடி மன்னார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். புரொஸ்டேட் எண் குறையவில்லை. சிறுநீரகம் வேலையைக் குறைத்திருந்தது. இரத்தத்தில் கல்சியம், அதாவது எலும்பில் இருக்க வேண்டிய சுண்ணாம்புச் சத்து, ஆபத்தான அளவு ஏறியிருந்தது.

இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு வைத்தியருக்கு என்ன தோன்றும் என்று எனக்கு விளங்கியது. மறைந்த புற்று ஒன்று எலும்புக்குப் போய், எலும்பை அரித்து, சுண்ணாம்பை இரத்தத்தில் கரைக்கிறதோ என்றுதான் தோன்றும். நிபுணர் அதை இதமாகச் சொன்னார். "அப்பிடியும் இருக்கலாம். பாக்கவேணும்." முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் படம் எடுத்தார்கள். படம் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. உடல் முழுவதும் எலும்பைப் பார்க்கும் பெரிய பரிசோதனைக்குக் கொழும்புக்கு எழுதினார்கள்.

இளம் வைத்தியர் என்னிடம் கேட்டார். "வேற என்ன மருந்து எடுக்கிறியள்?"

"நீங்கள் தந்த விற்றமின்தான்."

"வாரத்துக்கு ஒண்டுதானே?"

"ஓம்" என்றேன்.

ஏன் அந்த 'ஓம்' என்று இப்போதும் என்னையே கேட்கிறேன். வெட்கம் ஒன்று. இன்னொன்று, அந்தக் குளிசை எனக்கு மருந்தாக இருக்கவில்லை, வேண்டுதலாக இருந்தது. இருபத்தேழு நாள் வேண்டியும் எண் குறையவில்லை என்றால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல நான் துணியவில்லை.

வீட்டில் நடந்ததெல்லாம் பிறகு தெரிந்தது. பிலோமினா மடு மாதா கோவிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்த்தி வைத்துவிட்டாள். சுவாமியார் ஆஸ்பத்திரிக்கே வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயை எனக்குப் பூசினார். செபமாலை கட்டிலருகே நின்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னான்.

"அத்தான், கொழும்பில சுணங்குமாம். இந்தியாவுக்குப் போவம். எஞ்சினை விக்கப் பேசியிட்டன். வெள்ளிக்கிழமை காலமை ஆள் வருது."

"எந்த எஞ்சினை?"

"எனக்கு எத்தினை எஞ்சின் இருக்கு?"

எஞ்சின் இல்லாத படகில் அவன் என்ன செய்வான் என்று கேட்டேன். "கரைவலைக்குப் போனாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, எனக்கு இளநீர் வாங்கப் போனான். பிலோமினா அப்போதுதான் அழுதாள், யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, முதுகு மட்டும் குலுங்க. நான் எழுதுவதாகச் சொன்ன ஓரிடம் இதுதான்.

அது புதன்கிழமை. வெள்ளிக்கு இடையில் ஒரு நாள் இருந்தது.

என் பக்கத்துக் கட்டிலில் தாராபுரத்து வியாபாரி ஒருவர் இருந்தார். எழுபது வயது, மஜீது நானா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். சுரப்பி வீங்கி அவருக்கும் சலக்குழாய். பையைக் கையில் தூக்கிக்கொண்டு, கைப்பையோடு கடைக்குப் போகிறவர் போல வாட்டெல்லாம் உலாத்துவார்.

"குழாய் வச்ச பிறகு நான் ராசா" என்பார். "எழும்பத் தேவையில்ல, தேடத் தேவையில்ல. தானா வருது, தானா போகுது. கல்யாணம் கட்டின காலத்திலகூட எனக்கு இவ்வளவு நிம்மதி இருக்கேல்ல."

வியாழன் காலை என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்க ஒண்டும் பேசிறதில்ல. என்னத்தையோ விழுங்கின ஆள் போல இருக்கிறீங்க."

நான் திடுக்கிட்டேன். "ஏன் அப்பிடிக் கேக்கிறியள்?"

"நானும் அப்பிடி ஒருக்கா இருந்தவன். என்ர மனுசிக்குச் சீனி வருத்தம். அவட குளிசையைப் போட்டா எனக்கும் வயிறு குறையும் எண்டு யாரோ சொன்னான். களவா எடுத்து எடுத்துப் போட்டு ஒரு நாள் கடையில சாக்குக்கு மேல விழுந்திட்டன். டொக்டர் கேக்கிறார், என்ன தின்னீங்க? நான் சொல்றன், இடியப்பம்."

"பிறகு சொன்னியளா?"

"வெக்கமாத்தான் இருந்திச்சு. பிறகு யோசிச்சன். மவுத்தானா இந்த வெக்கத்தை ஆருக்கு எழுதி வைக்கிறது? பிள்ளையளுக்கா?" பையைச் சரிசெய்துகொண்டார். "சொன்னன். அவர் நல்லா ஏசினார். அல்ஹம்துலில்லாஹ், ஏச்சோட போயிட்டுது."

இளம் வைத்தியர் சுற்றுக்கு வந்தபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். "டொக்டர், அந்தக் குளிசை வாரத்துக்கு ஒண்டு இல்லை" என்றேன்.

"எத்தினை?"

"நாளுக்கு ஒண்டு."

"எத்தினை நாள்?"

"வீட்டில கொப்பி இருக்கு. எல்லாம் எழுதியிருக்கு" என்றேன். அவர் பேனையை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருடைய முகத்தில் கோபத்தைவிட வேறொன்று இருந்தது. ஓடிப்போய்ச் சொல்ல ஒரு நல்ல செய்தி கிடைத்தவருடைய அவசரம். "இப்பவே எடுப்பியுங்கோ" என்று சொல்லி, இரத்தத்தில் விற்றமின் டியின் அளவைப் பார்க்கவும் எழுதினார்.

பிலோமினாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். தலைமாட்டுக் கொப்பியைக் கொண்டுவா என்று மட்டும். அவள் அதைப் பேருந்தில் வரும் வழியெல்லாம் படித்திருக்கிறாள். வந்ததும் கட்டிலில் வைத்தாள். உட்காரவில்லை.

"இருபத்தேழு" என்றாள். "அதுக்கு முன்னம் செவ்வாய்க்குப் போட்ட இரண்டைச் சேர்த்தா இருபத்தொன்பது."

அவள் கொப்பியைத் திறந்து பக்கத்தைக் காட்டினாள்.

"சலத்துக்கு 'எ' எண்டு ஒரு எழுத்து. இரத்தம் வந்ததுக்கு ஒரு புள்ளி. குளிசைக்கு மட்டும் சிலுவை போட்டிருக்கிறியள்." அவள் குரல் தாழ்ந்தது. "ஒன்பது நாளாக்கிறதுக்கு அந்தோனியாரிட்டக் கேக்கலாம். மருந்திட்டக் கேக்கலாமோ?"

மஜீது நானா தன் பையோடு வெளியே நடந்துவிட்டார்.

செபமாலைக்கு நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். எஞ்சினைக் கொடுக்காதே என்றேன். காரணத்தைச் சொன்னேன். "அப்ப என்ர எண்ணெய்?" என்றான். அதிலும் இந்த விற்றமின் இருக்கிறது, அதோடு, அளவு கூடினால் எலும்பைக் கெடுக்கும் விற்றமின் ஏயும் இருக்கிறது என்று வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். "நானுமெல்லே உங்களுக்கு நஞ்சு தந்திருக்கிறன்" என்றான். அவனைத் தேற்ற எனக்கு அன்று தகுதி இருக்கவில்லை.

விற்றமின் டி அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டியிருந்தது. இந்தச் சத்து உணவிலிருந்து சுண்ணாம்பை இழுத்து இரத்தத்தில் சேர்க்கிறது. அளவு மீறினால் எலும்பிலிருந்தும் இழுக்கிறது. மிஞ்சியது கொழுப்பில் தங்கிவிடும். சலத்தோடு போகாது, கரைய மாதங்கள் ஆகும். நாள் நாளாகச் சேலைன் ஏற்றினார்கள். கல்சியத்தை இறக்கக் குளிசை தந்தார்கள். பால் கூடாது, நெத்தலி கூடாது, ஈரல் கூடாது. வெயிலும் கூடாது என்றார்கள். தோலில் வெயில் பட்டால் உடம்பு இன்னும் உண்டாக்குமாம். இருபத்திரண்டு வருடம் வெயிலைக் காணாதவன் இப்போது வைத்தியர் சொல்லி ஒளிந்திருந்தேன்.

கொழும்புப் பரிசோதனை தேவையில்லை என்றார் நிபுணர். ஆனால் நான் நன்றி சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கல்சியம் ஏன் கூடினது எண்டது தெரிஞ்சிட்டுது. மற்ற எண் ஏன் குறையேல்லை எண்டது தெரியாது. அதுக்கு ஊசி போட்டுத்தான் பாக்கவேணும். இந்தச் சிறுநீரகத்தோட இப்ப போட ஏலாது. இரண்டு மாசம் பொறுக்கவேணும்."

நான் விழுங்கியிராவிட்டால் வைகாசி முடிவிலேயே விடை தெரிந்திருக்கும். காத்திருக்க முடியாமல் நான் செய்தது என் காத்திருப்பை நீட்டியது.

அந்த இரண்டு மாதம்தான் எல்லாவற்றிலும் கொடியது. சிறுநீரகத்துக்காக நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தால் புரொஸ்டேட்டுக்கு நரகம். குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புற்று இருந்தால் அது இந்த நாட்களிலும் வளர்ந்துகொண்டிருக்கும் என்ற யோசனையை ஒரு மணி நேரம்கூட விட முடியவில்லை. கொப்பியில் நாட்களை மட்டும் எழுதினேன். பக்கத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. பிலோமினா என்னோடு பேசுவதைக் குறைத்தாள். "தண்ணி குடியுங்கோ" என்பாள். குடித்ததைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். குளிசைகளெல்லாம் அவளுடைய அலுமாரியில் பூட்டிக் கிடந்தன, திறப்பு அவளுடைய சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. தலைமன்னாரிலிருந்து மீன் வந்தது, செபமாலை வரவில்லை.

மடுத் திருத்தலத்தின் ஆவணி விழாவுக்கு ஒரு கிழமை முன்பு அவள் நேர்த்தியை நிறைவேற்ற மடுவுக்கு நடந்தாள். "புற்றில்லாமலும் இருக்கலாமே, முடிவு தெரிஞ்ச பிறகு நடக்கலாமே" என்றேன். "மாதாவிட்டச் சொன்னது சொன்னதுதான். நான் அவவோட நாளைக் கூட்டிக் குறைக்கிறதில்லை" என்றாள். திரும்பி வந்தபோது பாதம் வெடித்திருந்தது. சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

விழாவுக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை யாழ்ப்பாணத்தில் துணுக்கு எடுத்தார்கள். ஒலி அலையால் படம் காட்டும் ஒரு கருவியைப் பின்வழியாகச் செலுத்தி, சுரப்பியின் பன்னிரண்டு இடங்களில் ஊசியால் நூலளவு சதை எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கதவில் கொக்கி விழுவது போல ஒரு சத்தம். நான் எண்ணினேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

மூன்று கிழமைக்குப் பிறகு முடிவு கேட்க மறுபடி யாழ்ப்பாணம் போனோம். கிளினிக்கின் வாங்கில் ஆண்கள் வரிசையாக இருந்தோம், எல்லோரும் சற்றுச் சாய்ந்தபடி, ஒரு பக்கத்துக்கு மாறி மாறி. யாரும் யாரிடமும் என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். பிலோமினாவும் எழுந்து வந்தாள், நான் தடுக்கவில்லை.

வைத்தியர் காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"எடுத்த பன்னிரண்டு இடத்திலையும் புற்று இல்லை. நெடுநாள் அழற்சி."

பிலோமினா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நோ போகுமா, டொக்டர்?" என்றேன்.

"குறைக்கலாம். போகும் எண்டு சொல்ல மாட்டன். சிறுநீரகமும் முழுசாப் பழையபடி வராது. அரைவருசத்துக்கு ஒருக்கா இந்த எண்ணையும் பாக்கவேணும்."

"விற்றமின் சரியான அளவில எடுத்திருந்தா உதவியிருக்குமோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாது" என்றார். "உங்களில இனி ஒருநாளும் தெரியாது."

ஊர் திரும்பும் மன்னார் பேருந்தில் யன்னலோரம் பிலோமினா, இந்தப் பக்கம் நான். பேருந்து பூநகரியைக் கடந்தது. வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட அவள் என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"எங்க நோகிறது?"

"என்ன?"

"தை மாசத்திலயிருந்து நோ, நோ எண்டு கேள்விப்படுறன். எங்க எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. அடிவயிறு எண்டு டொக்டருக்குச் சொன்னதைக் கேட்டனான். அடிவயித்தைத் தடவினா நீங்கள் சும்மா இருக்கிறியள். அப்ப அங்க இல்லை."

இருபத்தெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு, ஆட்கள் நிறைந்த பேருந்தில், காதோடு காதாக, எந்த இடம் என்று சொன்னேன். எப்படி நோகும், எப்போது கூடும், சலம் வந்தும் வராமலும் நிற்பது எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இப்பவும் வருகுதோ?"

"பூநகரியிலயிருந்து."

"அப்ப ஏன் இருக்கிறியள்?"

"ஊருக்குப் போய்..."

அவள் எழுந்து நின்றாள். "டிரைவர் தம்பி!" அவள் குரல் பூசையில் பாடும் குரல். "இவருக்குச் சலம் போகவேணும். வருத்தக்காரர். ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

பேருந்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. பேருந்து இலுப்பைக்கடவை தாண்டிய வெளியில் ஒதுங்கி நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி, உடைமரம் ஒன்றின் பின்னால் போய் நின்றேன். காற்று பலமாக இருந்தது. ஒரு சொட்டும் வரவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை போட்ட, என் வயதுள்ள ஒருவர் இரண்டு எட்டுத் தள்ளி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், தடியூன்றிக்கொண்டு. பிறகு மூன்றாவது ஒருவர்.

"எனக்கு நாலு வருசம்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர், வெளியைப் பார்த்தபடி. "வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது."

"உங்கட மனுசி இறக்கிவிட்டது எங்களையும்தான்" என்றார் தடியூன்றியவர்.

நான்கு பேரும் காத்திருந்தோம். சாரதி ஹோர்ன் அடித்தார். என் அடிவயிறு பயத்தில் மறுபடி இறுகியது. அப்போது யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சாரதிக்கும் கேட்கும்படி பிலோமினா சொன்னாள்.

"அவசரப்படாதேங்கோ. பஸ் நிக்கும்."